மாமியின் திரைக் கார்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பழைய கார் ஒன்றைக் கண்டுவிட்டால் அது இன்னும் நீளும். இந்த வாயால் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. ஆனாலும் கலியாணம் முடிந்த கிழமையே, பெண் வீட்டு வளவில், பல் விளக்கிக்கொண்டு நின்ற நேரத்தில் மாட்டிக்கொண்டதைப் போல வேறெங்கும் நான் மாட்டியதில்லை.

தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். எழுபத்தேழுக்குப் பிறகு ஜப்பான் வாகனங்கள் வந்து குவியத் தொடங்கின. வசதியானவர்கள் எல்லாரும் வீட்டில் நின்ற பழைய சீமைக் கார்களை யார் தலையிலாவது கட்டிவிட அலைந்தார்கள். அடுத்த வருடம் சூறாவளி வந்து, மிச்சமாக நின்ற கார்களின் மேல் தென்னைகளைச் சரித்துவிட்டுப் போனது. நான் நிந்தவூரான். கையில் உருப்படியான வேலை எதுவும் இல்லாத காலம் அது. நசுங்கிய மைனர் கார்களையும் கூரை போன ஏ ஃபோர்ட்டிகளையும் பழைய இரும்பு விலைக்கு வாங்கி, கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, பார்ட்ஸாக விற்கத் தொடங்கினேன். ஒரு ஹெட்லைட் வளையத்துக்காகக் கொழும்பிலிருந்து ஆட்கள் வருவார்கள் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன். ஆனால் வந்தார்கள். பழைய கார் சேர்ப்பது பெரிய இடத்து மனிதர்களுக்கு ஒரு பைத்தியமாக இருந்தது. அதே பைத்தியம் எனக்குக் காசில்லாமல் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பேர்த்தகட்டைப் பார்த்து மொடல் சொல்வது ஒரு வித்தையல்ல. தகட்டைக் கழற்றி இன்னொரு காரில் அடிக்க ஓர் ஆணி போதும். கதவைச் சாத்திக் கேட்கவேண்டும். அசல் கதவு ஒரே சத்தத்தோடு அடங்கும். மட்கார்டுக்கு அடியில் நகத்தளவு பெயின்றைச் சுரண்டிப் பார்க்கவேண்டும். மேலே பச்சை, அடியில் கறுப்பு, அதற்கும் அடியில்தான் அது பிறந்த நிறம். நம்பர் குத்திய இடத்தை விரலால் தடவவேண்டும். அராவி அழித்துவிட்டுக் குத்தியிருந்தால் விரலுக்குப் பள்ளம் தெரியும். இதெல்லாம் எனக்கு நன்றாக வந்தது. மனிதரைப் பார்த்துச் சொல்லத்தான் வரவில்லை.

எங்கள் கிழக்குக் கரையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். அப்படித்தான் நான் கல்முனைக்குடிக்குப் போனேன். பெண்கள் குரவையிட, மச்சினன் முறையான ஒரு பொடியன் என் கால் கழுவி மோதிரம் வாங்கிக்கொண்டான். வீட்டில் மனைவியும் அவளுடைய உம்மாவும்தான். மாமா மௌத்தாகி, அவரை அடக்கிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. மாமியின் குரலை முதல் நாளே கேட்டேன். முகத்தைத்தான் காணவில்லை. மாமி மருமகன் முன்னால் வரமாட்டார், நேரே கதைக்கவும் மாட்டார். மார்க்கத்தில் இதற்குத் தடை எதுவும் இல்லை. மருமகன் மகனைப் போலத்தான். ஆனால் ஊர் வழக்கம் மார்க்கத்தைவிட ஒரு முழம் நீளம்.

ஆகவே சகலமும் மகள் வழியாகத்தான் நடக்கும். "புள்ள, மாப்புளைக்கு இன்னொரு இடியப்பம் வையிகா" என்று குசினிக்குள்ளிருந்து குரல் வரும். வேடிக்கை என்னவென்றால், மகள் கிணற்றடியில் நின்றாலும் அந்தக் குரல் அவளிடம்தான் சொல்லும். நானும் விட்டுக்கொடுக்காமல், "புள்ள, வயிறு நிரம்பிட்டு எண்டு மாமிக்கிட்டச் சொல்லு" என்று வெறும் சுவரைப் பார்த்துச் சொல்வேன். இப்படி நடுவில் ஆளில்லாமலே நாங்கள் மரியாதையாகக் கதைத்துக்கொண்டோம்.

அந்த வீட்டில் இன்னொரு சட்டமும் இருந்தது. எனக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை. புது மாப்பிள்ளை ஒரு பொருளைப் பார்த்து ஆசையாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அது அவனுக்கு. மறு பேச்சில்லை. கொடுக்காவிட்டால் பெண்ணைக் கொடுத்த வீட்டுக்குக் குறை.

நான் பல் விளக்கிக்கொண்டே வளவின் பின்பக்கம் போனேன். வேலியோரம் ஒரு கிடுகுக் கொட்டில். அதன் கீழ், ஒரு பழைய சீலைக்கு அடியிலிருந்து உருண்டையாக ஒரு மட்கார்ட் எட்டிப் பார்த்தது. சீலையைத் தூக்கினேன். கையிலிருந்த பல்பொடி கொட்டியது.

"அல்லாஹ்வே! டென்! உலக யுத்தத்துக்கு முந்தின டென் கார்! எண்ட சீவியத்தில இப்பிடி ஒரு சாமானக் காணல்ல!"

ஊருக்கே கேட்கக் கத்தியிருப்பேன். குசினிக்குள் தேங்காய் திருவும் சத்தம் சட்டென்று நின்றது. எனக்கு அது எங்கே உறைத்தது? நான் கதவைத் திறந்து சாத்தித் திறந்து சாத்திக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை, சாப்பாட்டுத் தட்டத்தில் வட்டிலப்பத்துக்குப் பக்கத்தில், பூ வேலை செய்த துணியின் மேல், காரைத் திறக்கும் திறப்பு ஒன்று இருந்தது. "புள்ள, அது மாப்புளட சாமான். அவருக்கிட்டக் குடு" என்றது குரல். எனக்குத் தலைகால் புரியவில்லை. மனைவியைப் பார்த்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். சொன்னேனே, மனிதரைப் பார்த்துச் சொல்ல எனக்கு வராது.

அந்தக் கிழமை முழுவதும் கொட்டிலுக்குள்தான் கிடந்தேன். கார் முழுசாக இருந்தது. நம்பர் குத்திய இடம் வழவழவென்று கைபடாமல் இருந்தது. டேஷ்போர்டில் கடிகாரம் இருந்தது. கதவுத் தூணுக்குள்ளிருந்து திரும்பும் பக்கம் காட்டும் செம்மஞ்சள் நிறக் கைகாட்டி, பொத்தானை அழுத்தினால், நல்ல பிள்ளையாக வெளியே நீண்டது. பின்கண்ணாடிக்குக் கொம்பனி போட்ட சின்னத் திரைகூட அப்படியே இருந்தது. பின்சீற்றின் இடப்பக்கம் மட்டும் தோல் தேய்ந்து பள்ளமாகியிருந்தது. கார்பரேட்டரைக் கழுவி, பட்டறி ஒன்று பூட்டி, ரயர்களுக்குக் காற்றடித்தேன். எஞ்சின் பிடித்துக்கொண்டது. உடனே தபால் கந்தோருக்கு ஓடி, கொழும்பிலிருந்த ஒரு பெரிய மனிதருக்கு ட்ரங்க் கோல் எடுத்து வாக்குக் கொடுத்துவிட்டேன். அவர் வருகிற ஞாயிறு தானே வந்து பார்த்து எடுத்துப்போவதாகச் சொன்னார்.

ஒரேயொரு குறைதான் இருந்தது. பக்கக் கண்ணாடிகளுக்கும், முன்சீற்றுக்கும் பின்சீற்றுக்கும் நடுவிலும், யாரோ வீட்டில் தைத்த பூப்போட்ட திரைகள் தொங்கின. அக்காலத்தில் எங்கள் பெண்கள் காரில் போனால் திரை போடுவது வழக்கம்தான். ஆனால் கொழும்பாருக்கு அது அசலில்லை, விலை குறையும். சனிக்கிழமை பின்னேரம் கத்திரிக்கோலோடு காருக்குள் ஏறினேன்.

மனைவி எங்கிருந்து வந்தாள் என்று தெரியாது. கத்திரிக்கோலை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"தொட்டீங்க எண்டா நான் மனிசியா இரிக்கமாட்டன்!"

"என்ன புள்ள, இது கொம்பனித் திரையில்ல—"

"கொம்பனி, கொம்பனி! உம்மாட கையால தச்சது அது. ஒங்களுக்கு நட்டு பூட்டு தவிர என்ன தெரியும்?"

பிறகு அவள் படியில் குந்தியிருந்து அழுதுகொண்டே சொன்னாள். மாமாவுக்கு சம்மாந்துறையில் வயல். வெள்ளாமை விதைத்த நாளிலிருந்து வெட்டும் வரைக்கும் கிழமைக்கொரு தடவையாவது மாமியைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டுவாராம். மாமி காரை விட்டு இறங்கமாட்டார். இடப்பக்கத் திரையில் ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி விட்டுத் தைத்துவைத்திருந்தார். அதன் வழியாகத்தான் வயலைப் பார்த்தார், ஒருமுறை அறுகம்பே கடலையும் பார்த்தார். வீடு தவிர்ந்த உலகத்தை அவர் கண்டதெல்லாம் அந்த ஓட்டையால்தான்.

"வாப்பா மௌத்தாப் போன மறுகா உம்மா இத்தா இருந்தா. நாலு மாசமும் பத்து நாளும் வெளிய போகேலா, பிற ஆம்பிளட கண்ணில படேலா. அறைக்குள்ள மூச்சு முட்டுது எண்டு அழுதா. மறுகா பள்ளி லெப்பையிட்ட ஆள் அனுப்பிக் கேட்டா, வளவுக்குள்ள நிக்கிற கார் வீட்டோட சேந்ததா எண்டு."

"லெப்பை என்ன சொன்னார்?"

"யோசிச்சிட்டுச் சொன்னாராம், சக்கரம் உருளாத வரைக்கும் அதுவும் வீடுதான் எண்டு. அண்டையிலிருந்து உம்மாட இத்தா அதுக்குள்ளதான். திரையப் போட்டுக்கிட்டு, அவட இடத்தில இருந்து ஓதுவா. இத்தா முடிஞ்சும் விடல்ல. நீங்க வந்து 'டென், டென்' எண்டு கத்தின நாள்வரைக்கும், அசறுத் தொழுகைக்குப் பிறகு அவ அதுக்குள்ளதான் இருந்தா."

தேய்ந்துபோன தோல் எனக்கு அப்போதுதான் விளங்கியது. எத்தனை காரின் சீற்றைத் தடவிப் பார்த்து என்னென்னவோ சொன்னவன் நான். திறப்பை எடுத்துக்கொண்டு எழும்பினேன்.

"எங்க போறீங்க?"

"மாமிக்கிட்டத் திருப்பிக் குடுக்க."

"பைத்தியமா? தந்ததத் திருப்பிக் குடுத்தா, ஒங்கட வீட்டுச் சாமான் எனக்கு வேணாம் எண்டு முகத்தில எறிஞ்ச மாதிரி. உம்மா தாங்கமாட்டா. அவ ஆசையோடதான் தந்தா. அழுதுகிட்டு, ஆனா ஆசையோட."

எனக்கு இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டது. விற்றால் மாமியின் உயிர் போகும், திருப்பிக் கொடுத்தால் மானம் போகும். விடிந்தால் கொழும்பார் வருகிறார்.

விடியச் சுபஹ் தொழுதுவிட்டு வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் கொட்டிலுக்குப் போனேன். திரைகள் இழுத்து மூடியிருந்தன. முன்கதவைத் திறந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் திரைக்கு அப்பால் ஓர் இருமல் கேட்டது.

பின்சீற்றில் மாமி! கடைசி முறையாக இருந்துவிட்டுப் போக வந்திருக்கிறார். அவர் இறங்குவதென்றால் என் கண் முன்னால் இறங்கவேண்டும். நான் இறங்கி ஓடினால், அவரைக் கண்டதாக ஒப்புக்கொண்டதாகிவிடும். தலைக்கு மேலே பின்பக்கம் பார்க்கும் கண்ணாடி. நடுத்திரை சரியாகப் பொருந்தாமல் அதில் எதுவும் தெரிந்துவிடுமோ என்று பயந்து, அதைக் கூரையைப் பார்க்கத் திருப்பிவிட்டேன். எனக்குத் தெரிந்த மரியாதை அதுதான்.

பிறகு குரல் வந்தது. மெல்லிய குரல்.

"புள்ள, ஒண்ட மாப்புளைக்கிட்டக் கேளு, இந்தக் கார் ஓடுமா எண்டு."

புள்ள வீட்டுக்குள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"புள்ள," என்றேன் நான் ஸ்டியரிங்கைப் பார்த்து, "நல்லா ஓடும் எண்டு மாமிக்கிட்டச் சொல்லு."

திரை லேசாக அசைந்தது.

"அப்ப, அந்தக் கொழும்புத் தொரை வாறதுக்கு முந்தி, சம்மாந்துறை வயல ஒருக்காப் பாத்திட்டு வர ஏலுமா எண்டு கேளு. ஏலாட்டி வேணாம் எண்டும் சொல்லு."

ஸ்டார்ட்டை இழுத்தேன். டென் ஒரு தரம் இருமி, பிடித்துக்கொண்டது. சத்தம் கேட்டு மனைவி ஓடிவந்தாள். பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு உம்மாவுக்குப் பக்கத்தில் ஏறினாள்.

பஸ் ரோட்டால் தெற்கே போனோம். கடல் காற்று இடப்பக்கத் திரையைத் தள்ளிக்கொண்டிருந்தது. காரைதீவுச் சந்தியில் நான் பொத்தானை அழுத்த, வலப்பக்கக் கைகாட்டி நீண்டது. பின்னாலிருந்து ஒரு சின்னச் சிரிப்புச் சத்தம் வந்தது. "இதுக்கு இன்னும் உசிர் இரிக்கி" என்றது குரல். யாரிடமும் சொல்லச் சொல்லவில்லை.

வயல் பக்கம் போனதும் மெதுவாக ஓட்டினேன். பெரும்போக வெள்ளாமை கதிர் தள்ளி, தலை சாய்த்து நின்றது. "புள்ள, இடப்பக்கம் கொக்குக் கூட்டம்" என்றேன். "புள்ள, வாய்க்காலில தண்ணி நிறைய." மாமா இப்படித்தான் சொல்லிக்கொண்டு ஓட்டுவாராம், அது எனக்கு அப்போது தெரியாது. மாமாவின் வயலை மனைவி நடுத்திரைக்கு வெளியே கையை நீட்டிக் காட்டினாள். அங்கே நிறுத்தினேன். எஞ்சினை நிறுத்தியதும் காற்றில் கதிர்கள் உரசும் சத்தம் கேட்டது. அதற்கு நடுவில், பின்னால் ஒருவர் மூக்கை உறிஞ்சும் சத்தமும் கேட்டது. நான் நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். வாழ்க்கையில் இத்தனை நேரம் நான் வாய் மூடி இருந்தது அதுதான் முதல் தடவை.

திரும்பி வந்தபோது கடப்படியில், வளவு வாசலில், புத்தம் புதிய ஜப்பான் கார் ஒன்று நின்றது. கொழும்பார் வெள்ளைச் சேர்ட்டோடு வேலியோரம் உலாவிக்கொண்டிருந்தார். டென் ஓடி வருவதைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்த விதம் எனக்குத் தெரிந்த விதம்தான். என் முகமும் அப்படித்தான் மலர்ந்திருக்கும். காரை வளவுக்குள் கொண்டுபோய் நிறுத்தினேன். மனைவி இறங்கிக் குசினிக்குள் போனாள். மாமி இறங்கவில்லை.

கொழும்பார் காரைச் சுற்றி வந்தார். மட்கார்டைத் தடவினார், முன்கதவைச் சாத்திக் கேட்டார், தலையை ஆட்டினார். விஷயம் தெரிந்த மனிதர்.

"உள்ளுக்கும் ஒருக்காப் பாக்கணும், தம்பி."

"உள்ள எங்கட ஆக்கள் இரிக்காங்க, தொரை."

"அப்பிடியா, மன்னிக்கணும். அவங்க இறங்கட்டும். நான் நிக்கிறன்."

கண்ணியமானவர். திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நானும் நின்றேன். வெயில் ஏறியது. பின்கதவு திறக்கவில்லை. அவருக்குப் பிளேன்ரீ வந்தது, குடித்தார். திரை அப்படியே தொங்கியது. இறங்கச் சொல்லி மகளிடம் ஒரு வார்த்தை சொன்னால் மாமி மறு பேச்சில்லாமல் இறங்கிவிடுவார் என்று எனக்குத் தெரியும். அந்த வார்த்தை என்னிடம்தான் இருந்தது. என்னுடைய நீண்ட வாய் அதைச் சொல்ல மறுத்தது.

கடைசியில் அவர் பொறுமையிழந்து, "இவ்வளவு நேரமா ஏன் தம்பி இறங்கல்ல?" என்றார்.

குசினிக்குள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது. "சக்கரம் உருளல்லயே. அப்ப அது வீடுதானே? வீட்டுக்குள்ள இரிக்கிறவங்கள ஆரு இறங்கச் சொல்ற?"

கொழும்பாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"தொரை, நான் வாக்குக் குடுத்தது உண்மை. கார் அசல், நட்டுக்கூட மாறல்ல. பொய் சொல்லமாட்டன். ஆனா அதில ஆள் குடியிரிக்கி. எனக்கு முந்தித் தெரியாமப் போச்சு. குடியிரிக்கிற வீட்ட நான் எப்பிடி விக்கிற?"

அவர் கோபப்பட்டார். இவ்வளவு தூரம் வரவழைத்துவிட்டு இதென்ன பேச்சு என்று கேட்டார். கேட்கத்தான் வேண்டும். நிந்தவூரில் நான் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த பழைய பிரிஃபெக்ட் காரின் கடிகாரம் ஒன்று பையில் இருந்தது. அவருக்குக் காட்டிப் பெருமையடிக்கக் கொண்டுவந்தது. அதை எடுத்து அவர் கையில் வைத்து, "வந்ததுக்கு இது எண்ட அன்பளிப்பு" என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, திரையைப் பார்த்து சலாம் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். உள்ளிருந்து மெதுவாகப் பதில் சலாம் வந்தது.

ஜப்பான் கார் போய் மறையும் வரைக்கும் நின்றுவிட்டு, டென்னைக் கொட்டிலுக்குள் விடுவதற்காக ஏறினேன். கொட்டிலுக்குள் பின்பக்கமாகத்தான் விடவேண்டும். ஸ்டியரிங்கைப் பிடித்தபோதுதான் கண்டேன், கண்ணாடி இன்னும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இவ்வளவு தூரம் பின்னால் எதுவும் தெரியாமல்தான் போய் வந்திருக்கிறேன். இப்போதும் அப்படியே விடுவோமென்று, தலையை வெளியே நீட்டிப் பார்த்துக் கியரைப் போட்டேன்.

"மருமகன்."

நான் கியரிலிருந்து கையை எடுக்கவில்லை. அந்த வீட்டில் என்னை ஒருவரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. நடுவில் மகள் இல்லை, சுவரும் இல்லை.

"ஓம், மாமி" என்றேன். எனக்கே கேட்காத குரலில்.

நடுத்திரை வளையங்கள் கம்பியில் கிறீச்சிட்டுக்கொண்டு ஒதுங்கின.

"அந்தக் கண்ணாடியச் சரியாத் திருப்புங்க மனே. பின்னால என்ன இரிக்கி எண்டு பாக்காம எப்பிடி ஓட்டுவீங்க?"

திருப்பினேன். முக்காட்டுக்குள்ளிருந்து மாமி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.